கூரையேறிய சூரியன்

தாஜ்மகால் என்றதும் ஷாஜஹான் நினைவுக்கு வருகிறான். ஒரு கட்டடம், ஓர் அரசன், ஒரு கதை. ஞாபகம் வைத்துக்கொள்ள எத்தனை சௌகரியம்! ஆனால் ஆரம்பித்தவன் ஒருவன், தொடர்ந்தவன் ஒருவன், முடித்தவன் வேறொருவன் என்றிருக்கும் கட்டடங்களும் உண்டு. கதை எழுதுகிறவனான எனக்கு அவற்றின் மீதுதான் ஆசை அதிகம்.

இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் நகரத்துக் கிங்ஸ் கல்லூரியின் தேவாலயம் அந்த ஜாதியைச் சேர்ந்தது. அதன் கூரைமீது சூரிய மின்தகடுகளை வைக்கலாமா, கூடாதா என்று சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சர்ச்சை மூண்டது. அந்தச் சர்ச்சை விளங்க வேண்டுமானால், முதலில் ஐந்நூறு வருஷங்களுக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஆறாம் ஹென்றி ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோதே அரசனானவன். சாது; யுத்தத்தைக் காட்டிலும் பிரார்த்தனையில் மனம் சென்றவன். 1446-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி இந்தத் தேவாலயத்துக்கு அவனே அடிக்கல் நாட்டினான். அப்போது அவனுக்கு வயது 24. பிறகு லங்காஸ்டர் குலத்துக்கும் யார்க் குலத்துக்கும் ரோஜாப்பூக்களின் பெயரால் நடந்த போர் வந்தது. 1461-இல் ஹென்றி சிம்மாசனத்தை இழந்தான். அந்தச் செய்தி கேட்டதும் கொத்தர்கள் உளியையும் சுத்தியலையும் கட்டி எடுத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள் என்று சொல்வார்கள். பத்து வருஷம் கழித்து லண்டன் கோபுரச் சிறையில் அரசனின் உயிரும் போயிற்று.

அரைகுறையாக நின்ற சுவருக்கு மறுபடி உயிர் கொடுத்தவர்களில் ஒருவன் எதிரிக் குலத்து மூன்றாம் ரிச்சர்ட் என்பதுதான் வேடிக்கை. அவனும் போர்க்களத்தில் மாண்டான். ஏழாம் ஹென்றி தன் கடைசிக் காலத்தில் பணம் கொடுத்தான். அவன் மகன் எட்டாம் ஹென்றி காலத்தில், 1512 முதல் 1515 வரை, ஜான் வாஸ்டல் என்ற சிற்பி விசிறி விரித்தாற்போன்ற அந்தக் கல் விதானத்தை அமைத்து முடித்தான். 1531-க்குள் பிளெமிஷ் கலைஞர்களின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களும் வந்து சேர்ந்தன. ஆரம்பத்தில் வந்த கல் யார்க்ஷயரின் வெள்ளைக் கல். பின்னால் வந்ததோ வேறு இடத்துக் கல், சற்றுப் பழுப்பு. வேலை நின்ற இடம் எது, தொடர்ந்த இடம் எது என்பதைச் சுவரே இன்றைக்கும் சாட்சி சொல்கிறது.

இனிச் சர்ச்சைக்கு வருவோம். கல் விதானத்துக்கு மேலே ஒரு மரக்கூரை. அதன் மேலே ஈயத் தகடு. அந்த ஈயம் பழுதாகி மாற்றவேண்டிய நிலை வந்தது. மாற்றுகிறபோதே சூரிய மின்தகடுகளையும் பொருத்திவிடலாம் என்று கல்லூரியார் எண்ணினார்கள். 2030-க்குள் கரிப்புகைக் கணக்கைச் சூன்யமாக்குவது என்று இங்கிலாந்துத் திருச்சபை 2020-இல் தீர்மானம் செய்திருந்தது. ஆனால் பழைய கட்டடங்களைக் காக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற ஸ்தாபனம், கட்டடத்தின் அழகுக்கு இது கேடு என்று கருதியது. கடைசியில் நகரசபை 2023 தொடக்கத்தில் அனுமதி கொடுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 438 தகடுகள் கூரையேறிவிட்டன. ஆண்டுக்கு ஒரு லட்சம் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் கிடைக்கும் என்பது கணக்கு.

மறுத்தவர்களைப் பத்தாம் பசலிகள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ‘இது ஒன்றுதானே’ என்று விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்தே எத்தனையோ ஊர்கள் முகம் இழந்து போயிருக்கின்றன. அந்தத் திருச்சபைக்குச் சுமார் 16,000 கோயில்கள், பெரும்பாலானவை பழமையானவை. இங்கே நடப்பது அங்கெல்லாம் முன்னுதாரணமாகும். அவர்கள் பயம் நியாயமான பயம்.

ஆனாலும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். புதிதாக வருவது பழையதைத் திரும்பப் பெற முடியாதபடி அழிக்கிறதா? விதானத்தின் ஒரு கல்லையும் இந்தத் தகடு தொடவில்லை. கைப்பிடிச் சுவர் பெரும்பகுதியை மறைத்துவிடுகிறது. முப்பது வருஷத்தில் இதைவிட நல்லது வந்தால், கழற்றிவிட்டுப் போகலாம்.

இத்தாலியில் பாம்பேயி நகரத்திலும் இதே பிரச்னை எழுந்தது. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பல் மூடிய ஊர் அது. அங்கே சீரிஸ் தேவதையின் பெயர் கொண்ட வீட்டில், பழைய ரோமானிய ஓடு போலவே தோன்றும் சூரிய ஓடுகளை வேய்ந்திருக்கிறார்கள். ஓட்டின் மேற்பரப்பு நம் கண்ணுக்கு மண் நிறம். ஆனால் வெயிலை உள்ளே விட்டுவிடும். இது வேஷம் அல்லவா என்று கேட்கத் தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. பாம்பேயியில் காலம் ஒரு நாளில் நின்றுபோயிற்று. நின்றுபோன வீட்டுக்குள் நுழைகிறவன் சப்தம் செய்யாமல் நுழைவதுதான் மரியாதை.

கேம்பிரிட்ஜ் தேவாலயமோ நிற்கவில்லை. அங்கே இன்றும் பிரார்த்தனை நடக்கிறது. 1928 முதல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அதன் பாடகர்களின் குரல் வானொலியில் கேட்கிறது. பதினேழாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் அதனுள்ளே படைவீரர்கள் பயிற்சி செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டுக்குப் பயந்து ஜன்னல் கண்ணாடிகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றி வைத்துப் பிறகு மாட்டினார்கள். ஒவ்வொரு தலைமுறையும் அதை எப்படியாவது காப்பாற்றித் தன் பங்குக்கு ஏதாவது சேர்த்திருக்கிறது. வெயிலைப் பிடித்து வண்ணமாக்கி உள்ளே அனுப்பினார்கள் பிளெமிஷ் கலைஞர்கள். அதே வெயிலைப் பிடித்து விளக்காக்குகிறார்கள் இந்தத் தலைமுறையினர்.

சுவரில் வெள்ளைக் கல் முடிந்து பழுப்புக் கல் தொடங்கும் இடத்தை மறைக்க வேண்டுமென்று ஐந்து நூற்றாண்டுகளாக யாரும் சுண்ணாம்பு பூசவில்லை. அந்தக் கல்லுக்குக் கிடைத்த சலுகை இந்தத் தகட்டுக்கும் கிடைக்கட்டும் என்பதே என் அபிப்பிராயம்.