பவளத் தொட்டியின் நீர்வேதியியல்

பவளத் தொட்டி என்பது வெப்பமண்டலப் பவளப்பாறையின் உயிர்ச்சூழலைச் சிறிய அளவில் கண்ணாடிக்குள் உருவாக்கிப் பேணும் கடல்நீர்க் காட்சித்தொட்டியாகும். கடலின் பெரும் பரப்பில் பவளங்கள் எவ்வளவு சுண்ணத்தை எடுத்துக்கொண்டாலும் நீரின் கலவை மாறுவதில்லை. 100 லிட்டர் தொட்டியிலோ நீர் ஆவியாவதாலும், உணவு அழுகுவதாலும், பவளங்கள் எலும்புக்கூடு கட்டுவதாலும் அக்கலவை நாள்தோறும் விலகிச் செல்கிறது. அது எத்திசையில், எவ்வளவு விரைவாக விலகுகிறது என்பதை அறிவதற்கே நீர்ச் சோதனை உதவுகிறது; நூல்களில் காணும் இலட்சிய எண்ணை எட்டிப்பிடிப்பது அதன் நோக்கமன்று.

1961இல் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிரினங்கள் குடியேறிய பாறைத் துண்டுகளையும் காற்றுக்குமிழ்களையும் மட்டுமே கொண்டு கடல்தொட்டியைப் பேணும் முறையை விவரித்தார். வன்பவளங்கள் தொட்டியில் வளர்வதற்குக் கால்சியத்தைத் தொடர்ந்து ஈடுசெய்ய வேண்டும் என்னும் எண்ணம் 1970களில் பீட்டர் வில்கென்ஸ் பரப்பிய சுண்ணாம்பு நீர் முறையால் வேரூன்றியது. இந்தியாவில் வன்பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டமையால், மன்னார் வளைகுடாவிலோ பாக் நீரிணையிலோ அவற்றை எடுப்பது குற்றமாகும்.

முதலில் அளக்க வேண்டியது உப்புத்தன்மை. கடல்நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் அதன் ஒப்படர்த்தி 1.026 ஆகும். இதனை ஒளிவிலகல்மானியால் அளப்பர். அக்கருவியைத் தூய நீரால் மட்டும் சரிபார்க்காமல் 35 அலகு கொண்ட நியமக் கரைசலாலும் சரிபார்ப்பது நல்லது. ஆவியாகும்போது நீர் மட்டுமே வெளியேறி உப்பு தங்கிவிடுவதால், குறைந்த அளவை ஈடுசெய்ய உப்பற்ற தூய நீரையே சேர்க்க வேண்டும். உப்புத்தன்மை 32 ஆகக் குறைந்த தொட்டியில், லிட்டருக்கு 420 மில்லிகிராம் இருக்க வேண்டிய கால்சியம் 385ஐ ஒட்டியே காட்டும். அங்கே குறைவது கால்சியம் மட்டுமன்று, எல்லா அயனிகளும் சேர்ந்தே என்பதால், உப்பைத் திருத்தாமல் கால்சியத்தைக் கொட்டுவது வீண்செயல்.

புதிய தொட்டி பவளங்களை ஏற்கும் முன் நைட்ரசன் சுழற்சி நிலைபெற வேண்டும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியங்கள் நைட்ரைட்டாகவும், வேறுவகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இதற்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். கடல்நீரில் மிகுந்துள்ள குளோரைடு, மீன்களின் செவுள்வழி நைட்ரைட்டு நுழைவதைத் தடுப்பதால், நன்னீரில் உள்ள அளவுக்கு அது இங்கு நஞ்சாவதில்லை. ஆனால் அது வேறொரு தொல்லை தருகிறது: பெரும்பாலான நைட்ரேட்டுச் சோதனைகள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக ஒடுக்கி அதன் நிறத்தையே அளப்பவை என்பதால், நீரில் ஏற்கெனவே நைட்ரைட்டு இருந்தால் நைட்ரேட்டு அளவு பொய்யாக உயர்ந்து தெரியும்.

நீர்வேதியியலின் மையமாக அமைவது காரத்துவம். அமிலத்தை நடுநிலையாக்கும் நீரின் ஆற்றலே காரத்துவம் எனப்படுகிறது; கடல்நீரில் இது பெரும்பாலும் பைகார்பனேட்டு, கார்பனேட்டு அயனிகளால் அமைகிறது. தொட்டி வளர்ப்போர் இதனை டி.கே.எச். என்னும் ஜெர்மானிய அலகால் குறிப்பர். இயற்கைக் கடல்நீரில் இது ஏறக்குறைய 7. தொட்டிகளில் 7 முதல் 11 வரை வைத்திருப்பர், தொடக்கநிலையாளருக்கு 8 அல்லது 9 போதும். பவளம் ஒரு கால்சியம் அயனியையும் இரண்டு பைகார்பனேட்டு அயனிகளையும் சேர்த்து அராகனைட்டு வடிவக் கால்சியம் கார்பனேட்டாகப் படிய வைப்பதால், காரத்துவம் 1 டி.கே.எச். குறையும்போது கால்சியம் லிட்டருக்கு 7 மில்லிகிராம் மட்டுமே குறைகிறது. காரத்துவக் கையிருப்பில் எட்டில் ஒரு பங்கு கரைந்துவிட்ட அதே வேளையில் 420 மில்லிகிராம் கால்சியத்தில் அறுபதில் ஒரு பங்கே செலவாகியிருக்கும். அம்மாற்றம் சாதாரணச் சோதனைப் பெட்டியின் பிழைக்குள் மறைந்துபோகும். வாரம் பலமுறை காரத்துவத்தை அளக்கச் சொல்வதன் காரணம் இதுவே.

மக்னீசியம் லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் அளவில் இருப்பது, கால்சியம் கார்பனேட்டு தானாக வீழ்படிவாவதைத் தடுக்கிறது. எவ்வளவு சேர்த்தும் கால்சியமும் காரத்துவமும் உயரவில்லையெனில் முதலில் ஐயுற வேண்டியது மக்னீசியக் குறைவையே.

காரத்துவச் சோதனையில் குறித்த அளவு நீரில் நிறங்காட்டியை இட்டு, நீலம் மஞ்சளாக மாறும் வரை அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பர். கால்சியச் சோதனையில் இளஞ்சிவப்பு நீலமாகும். குழாயில் தங்கிய முந்தைய நீர், காலாவதியான கரணி, மங்கிய விளக்கொளி ஆகிய மூன்றுமே பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம். ஒரு வியப்பூட்டும் அளவு கிடைத்தால், திருத்தும் முன் சோதனையையே மறுபடி செய்ய வேண்டும்.

100 லிட்டர் நீரின் காரத்துவத்தை 1 டி.கே.எச். உயர்த்த ஏறத்தாழ 3 கிராம் தூய சோடியம் பைகார்பனேட்டு, அதாவது ஆப்பசோடா, தேவை. பாறையும் மணலும் அடைத்துள்ள இடத்தைக் கழித்த உண்மையான நீரளவையே கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு நாளில் 1 டி.கே.எச்.-க்கு மேல் உயர்த்தலாகாது. கால்சியம் குளோரைடைத் தனியே கரைத்து, வேறொரு வேளையில், நீரோட்டம் மிகுந்த இடத்தில் சேர்க்க வேண்டும். இரண்டும் செறிவாகச் சந்தித்தால் வெண்படிவாகி வீணாகும். சுண்ணாம்பு நீர் கால்சியத்தையும் காரத்துவத்தையும் பவளம் செலவிடும் அதே விகிதத்தில் ஒருங்கே தரும், அதன் பி.எச். 12க்கு மேல் இருப்பதால் சொட்டுகளாக மட்டுமே செலுத்தத்தக்கது. பவளங்கள் மிகச் சிலவாயின் இவை எதுவும் தேவைப்படாமல், வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவதே போதுமானதாகலாம்.

பி.எச். மதிப்பு பகலில் ஒளிச்சேர்க்கையால் உயர்ந்து இரவில் தாழ்வதால், 7.8 முதல் 8.4 வரையிலான ஊசலாட்டம் இயல்பானது. சாளரங்கள் அடைத்த அறையில் மனிதர் வெளிவிடும் கார்பன் டைஆக்சைடே அதனைத் தாழ்த்தப் போதும்; அத்தகைய தொட்டியில் பி.எச். உயர்த்தும் புட்டிக் கரைசல்களை ஊற்றுவது காரத்துவத்தை அளவுமீறி ஏற்றுமே தவிர, மூலகாரணத்தைத் தொடுவதில்லை. சாளரத்தைத் திறப்பது மலிவான மருந்து.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் முற்றிலும் அற்ற நீரே சிறந்தது என்னும் பழைய கருத்து இன்று பெரிதும் கைவிடப்பட்டுள்ளது. பவளத் திசுவில் வாழும் நுண்பாசிகளுக்கு இவ்விரண்டும் சிறிதளவு தேவை. சுழியத்தை எட்டிய தொட்டிகளில் பவளங்கள் வெளிறுவதும், டைனோஃபிளாஜெல்லேட்டு என்னும் பழுப்பு நிற நுண்ணுயிர்ப் படலம் மணலை மூடுவதும் உண்டு. லிட்டருக்கு நைட்ரேட்டு 2 முதல் 10 மில்லிகிராமும், பாஸ்பேட்டு 0.03 முதல் 0.1 மில்லிகிராமும் பொதுவாக ஏற்கப்படும் எல்லைகள். பாஸ்பேட்டு மிகுந்துவிட்டால் இரும்பு ஆக்சைடு உறிஞ்சியைச் சிறுகச் சிறுகப் பயன்படுத்தலாம். ஒரே நாளில் அதனை அகற்ற முற்பட்ட தொட்டிகளில் பவளங்கள் திசு உரிந்து இறந்ததும் உண்டு.