வழக்குரைஞர் தொழிலும் மாற்றுத்திறனாளிகளும்

சென்னையில் பிராட்வேயை அறியாதார் இலர். போப்பம் என்னும் ஆங்கில வழக்கறிஞரின் பெயரோடு தோன்றிய அத்தெரு, பின்னர் பாரிஸ்டர் பிரகாசத்தின் பெயரைத் தாங்கிப் பிரகாசம் சாலை ஆயிற்று. கொச்சியிலும் ஒரு பிராட்வே உண்டு. மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையில், எர்ணாகுளத்தில், துணியும் மளிகையும் விற்கும் நெரிசல் மிகுந்த கடைத்தெரு அது. இரு தெருக்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலிருந்தும் நடந்தே உயர்நீதிமன்றத்தை அடையலாம். ஆனால் நடக்க இயலாதவரும், வழியைக் காண இயலாதவரும் அந்த நீதிமன்றங்களில் வழக்குரைஞராய் வாழ வழி உண்டா? அந்த வரலாற்றையே நாம் இங்கு நோக்கப் போகிறோம்.

கேரள உயர்நீதிமன்றம் 1956 நவம்பர் 1ஆம் நாள் எர்ணாகுளத்தில் தோன்றியது. மூன்றே ஆண்டுகளில், 1959இல், அன்னா சாண்டி அம்மையார் அங்கே நீதிபதியானார். இந்திய உயர்நீதிமன்றம் ஒன்றில் அமர்ந்த முதற் பெண்மணி அவரே. 1923ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரையில் பெண்களுக்கு வழக்காடும் உரிமையே உறுதிப்படவில்லை என்பதை நினைத்தால், அடைத்த கதவும் திறக்கும் என்பது விளங்கும்.

மாற்றுத்திறனாளிகளின் நிலை இதனின்றும் சற்றே வேறானது. அவர்கள் முன் நின்ற கதவு வெளிப்படையாக அடைக்கப்படவில்லை. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் 21 வயதையும் சட்டப் பட்டத்தையும் கேட்கிறது. கண்ணையும் காலையும் கேட்கவில்லை. அச்சட்டத்திற்கு முன்பே, குழந்தைப் பருவத்தில் அம்மை நோயால் பார்வை இழந்த சாதன் குப்தா வழக்கறிஞராய் விளங்கினார். 1953இல் கல்கத்தாவிலிருந்து மக்களவைக்குத் தேர்வு பெற்றார். பிற்காலத்தில் மேற்கு வங்கத்தின் அட்வகேட் ஜெனரலாகவும் உயர்ந்தார். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்து இந்திய வம்சாவளியினரான சாக் யாக்கூப், பார்வையற்றவராகவே 1998 முதல் 2013 வரை அரசியலமைப்பு நீதிமன்றத்தில் நீதி வழங்கினார்.

ஆயினும் ஒருவர் இருவர் உயர்வதால் ஒரு தொழில் எல்லார்க்கும் உரியதாகிவிடாது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் 3 விழுக்காடு இடம் ஒதுக்கியது. அந்த 3 விழுக்காட்டை எப்படிக் கணக்கிடுவது என்ற வழக்கில், பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பின் பொருட்டு வாதாடியவர் பார்வையற்ற மூத்த வழக்குரைஞர் எஸ். கே. ருங்டா. 2013 அக்டோபர் 8ஆம் நாள், ஈரோட்டுப் பகுதியைச் சேர்ந்த தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு அவர் பக்கமே தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டின் புதிய சட்டம் ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக்கியது. எர்ணாகுளத்து உயர்நீதிமன்றமும் இவ்வரலாற்றில் பங்கு கொண்டது. பதவி உயர்விலும் ஒதுக்கீடு உண்டு என லீசம்மா ஜோசப் வழக்கில் 2020இல் அது அளித்த முடிவை, மறு ஆண்டில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது.

நீதிபதிப் பதவியின் வாயில் எளிதில் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் 2014இல் 162 சிவில் நீதிபதி பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது, பார்வைக் குறைபாடும் செவிக் குறைபாடும் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருத்தல் வேண்டும் என்ற வரம்பு இருந்தது. 70 விழுக்காடு பார்வைக் குறைபாடு கொண்ட சுரேந்திர மோகன் அதனை எதிர்த்தார். 2019இல் உச்சநீதிமன்றம் அவ்வரம்பு செல்லும் என்றது. ஆனால் 2021இல், விகாஷ் குமார் வழக்கில், உரிய வசதி செய்து தருவதே சட்டத்தின் கடமை என்றும், முந்தைய தீர்ப்பு அக்கடமையை எண்ணிப் பார்க்கவில்லை என்றும் அதே நீதிமன்றம் கூறிற்று. பின்னர், பார்வையற்ற மகனைப் பெற்ற ஒரு தாயின் கடிதத்தால் எழுந்த மத்தியப் பிரதேச வழக்கில், நீதிபதிகள் பர்திவாலாவும் சென்னையிலிருந்து சென்ற மகாதேவனும் 2025 மார்ச் 3ஆம் நாள் தீர்ப்பளித்தனர். பார்வையின்மை ஒன்றையே காட்டி நீதிப்பணி வாய்ப்பை மறுத்தல் கூடாது என்பதே அதன் சாரம்.

இவையெல்லாம் அரசுப் பதவிகளைப் பற்றியவை. வழக்குரைஞருள் பெரும்பாலோர் வாழ்வதோ மூத்தவர் தரும் கட்டுகளாலும் கட்சிக்காரர் தரும் வக்காலத்தாலும் அன்றோ? "இவரால் கட்டைப் படிக்க முடியுமா?" என்று ஐயுறும் கட்சிக்காரரை எந்த ஒதுக்கீடும் அழைத்து வராது. அந்த ஐயத்தை நீக்கச் சில காரியங்கள் செய்ய வேண்டும்.

முதலாவது, காகிதம். படமாக எடுத்து வைத்த ஆவணத்தைப் பார்வையற்றோரின் கணினி வாய்விட்டுப் படிக்காது. எழுத்தாக அமைந்ததையே படிக்கும். இதைக் கருதியே 2020இல் உச்சநீதிமன்றத்தின் மின்னணுக் குழு உயர்நீதிமன்றங்களுக்கு எழுதியது. மனுக்களை மின்வழியில் பெறுவதில் முன்னிற்கும் கேரள நீதிமன்றங்கள் இந்த ஒழுங்கையும் கண்டிப்பாகக் கைக்கொண்டால், கட்டைப் படிக்கும் தடை பெரும்பாலும் நீங்கும்.

இரண்டாவது, மொழி. 2023 செப்டம்பரில், செவிப்புலனற்ற வழக்குரைஞர் சாரா சன்னி சைகைமொழி பெயர்ப்பாளரின் துணையோடு உச்சநீதிமன்றத்தின் முன்னிலையானார். அத்துணை மாவட்ட நீதிமன்றத்திலும் கிடைத்தல் வேண்டும்.

மூன்றாவது, வேலை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவச வழக்குரைஞரைத் தருகிறது. உதவி பெறுவோராக அவர்களை எண்ணிய சட்டம் அது. உதவி செய்யும் வழக்குரைஞர் பட்டியலிலும், அரசு வழக்குரைஞர் நியமனத்திலும் அவர்களுக்கு இடமளித்தால், முதற் சில ஆண்டுகளின் வருவாயும் வரும். வாதாடும் திறமையை ஊர் அறியும் வாய்ப்பும் வரும்.

பிராட்வேயிலிருந்து சற்றே வடக்கே நடந்தால் உயர்நீதிமன்றப் படகுத்துறை. 2023 ஏப்ரலில் அங்கிருந்து வைப்பினுக்குக் கொச்சி நீர்மெட்ரோ ஓடத் தொடங்கியது. அதன் துறைமேடை நீரில் மிதப்பது. வெள்ளம் ஏறினாலும் வற்றினாலும் மேடையும் படகும் ஒரே மட்டத்தில் நிற்பதால், சக்கர நாற்காலியில் வருபவர் பிறர் தூக்காமலே படகில் ஏறுகிறார். நீதிமன்ற வாயில் வரையில் அவரைக் கொண்டுவந்து சேர்க்க நாம் கற்றுவிட்டோம். வாயிலுக்கு உள்ளேயும் அந்த மட்டத்தை அமைப்பது இனி நம் கடமை.