நெடும்பயணத்துக்கு ஒரு பழைய புல்லட்

இந்தியாவில் நெடுந்தூரப் பயணத்துக்கென்று பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும் வழக்கம், பல பத்தாண்டுகள் ராயல் என்ஃபீல்டு புல்லட் என்ற ஒரே வண்டியைச் சுற்றியே வளர்ந்தது. அதைவிட வேகமான வண்டிகளும் எடை குறைந்த வண்டிகளும் சந்தையில் இருந்தன. ஆனாலும் பயணிகள் புல்லட்டைத் தேடியதற்குக் காரணம், வழியில் எந்த ஊரில் நின்றுபோனாலும் அதைச் சரிசெய்ய ஆள் கிடைத்ததுதான்.

புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்தது. 1949இல் அங்கே வெளிவந்த 350 சிசி மாடலை இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்குத் தேர்ந்தெடுத்தது. 1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பொருத்தித் தந்த ஆலை, பிறகு எல்லாப் பாகங்களையும் தானே செய்யத் தொடங்கியது. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டின் உற்பத்தி நின்றுபோனது. திருவொற்றியூரில் அது தொடர்ந்தது.

தொடர்ந்தது மட்டுமல்ல, வண்டியின் அடிப்படை அமைப்பும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி, வார்ப்பிரும்பு சிலிண்டர், புஷ்ராட் வால்வுகள், எஞ்சினோடு போல்ட் போட்டு இணைத்த தனி கியர்பாக்ஸ். சுமார் 18 குதிரைத்திறன்தான் என்றாலும், நீண்ட ஸ்ட்ரோக் காரணமாகக் குறைந்த வேகத்திலேயே இழுவை கிடைத்தது. இருவரும் மூட்டைகளும் ஏறிய வண்டி மலைச்சாலையில் மெல்லவாவது ஏறிவிடும். பத்தாண்டுகளுக்கு முந்தைய வண்டிக்கும் புதிய வண்டியின் பாகங்கள் பல பொருந்தின. ராணுவமும் காவல்துறையும் இதை ஓட்டியதால், சிறிய ஊர்களிலும் இதைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் உருவானார்கள்.

1979 வரை ஐரோப்பியப் பயணிகள் இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல் வழியாகத் தரைமார்க்கமாகவே இந்தியா வந்தார்கள். அந்த ஆண்டு ஈரானில் புரட்சி நடந்தது. ஆண்டு முடிவில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. பழைய பாதை அடைபட்டது. சொந்த வண்டியைக் கொண்டுவருவதற்குச் சுங்க ஆவணமும் பெரிய பிணைத்தொகையும் தேவைப்பட்டன. விமானத்தில் வந்து இங்கேயே பழைய புல்லட் வாங்குவது எளிதாக இருந்தது. டெல்லியின் கரோல் பாக் இந்த வியாபாரத்தின் மையமானது. பழைய எஞ்சினைப் புதுப்பித்து, பெட்டி மாட்டும் கம்பிச் சட்டங்களைப் பற்றவைத்து, உதிரிபாகப் பொட்டலத்தோடு வண்டியைக் கொடுத்தார்கள். பயணம் முடிந்ததும் பேசிய விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது.

1989இல் மணாலி–லே சாலை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபின் உள்நாட்டுப் பயணிகளும் பெருகினார்கள். ஏறக்குறைய 480 கி.மீ. நீளமுள்ள இந்தச் சாலை, 5,300 மீட்டருக்கு மேல் உயரமுள்ள தங்லங் லா கணவாயைக் கடக்கிறது. வழியில் தாண்டி என்ற ஊரில் உள்ள பெட்ரோல் பங்க்கில், அடுத்த பங்க் 365 கி.மீ. தொலைவில் என்று எழுதிய பலகை இருந்தது. புல்லட்டின் டேங்க் சுமார் 14 லிட்டர் கொள்ளும். கணவாய்களில் ஏறும்போது பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும் என்பதால் கேன்களும் கூடவே போயின. உயரத்தில் காற்று மெலிந்து எஞ்சின் கரும்புகை கக்கும். அதற்குக் கார்புரேட்டரில் சிறிய ஜெட் மாற்றுவார்கள்.

இத்தகைய பாதைக்கு வண்டி பார்ப்பதில் ஒரு முறை உருவானது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும்; முன்கூட்டியே சூடாக்கி வைத்த வண்டி, ஸ்டார்ட் ஆகத் திணறுவதை மறைத்துவிடும். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்தினால், ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடம் ஒன்று உண்டு. அங்கே லீவரை விட்டு உதைத்தால் நல்ல வண்டி ஓரிரு உதையில் பிடித்துக்கொள்ளும். லீவரைப் பிடிக்காமல் அழுத்தும்போது கிக்கர் எதிர்ப்பின்றி இறங்கினால் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கிறது. சைலன்சரில் நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. கீழிருந்து கனத்த தட்டல் கேட்டால் கனெக்டிங் ராட் பேரிங் போய்விட்டது. அதற்கு எஞ்சினையே இறக்கிப் பிரிக்க வேண்டும். செயின் கேஸில் சிறிது ஆயில் கசிவதைப் பெரிதுபடுத்த மாட்டார்கள். சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்ப்பார்கள். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி.

எஞ்சினுக்கு இணையாகக் காகிதங்களும் முக்கியம். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பெயர் மாற்ற 29, 30ஆம் எண் படிவங்களும், வேறு மாநிலத்தில் பதிவுசெய்யத் தடையில்லாச் சான்றுக்கு 28ஆம் எண் படிவமும் வேண்டும். இவற்றைத் தட்டிக்கழித்தவர்கள் சோதனைச் சாவடிகளிலும், வண்டியைத் திரும்ப விற்கும்போதும் சிக்கினார்கள்.

இந்த வழக்கம் இரண்டு மாற்றங்களால் தளர்ந்தது. 2008 முதல் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அமைந்த புதிய எஞ்சின் வந்தது. சில ஆண்டுகளில் வார்ப்பிரும்பு எஞ்சினின் உற்பத்தி நின்றது. 2014 நவம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 15 ஆண்டுகளைக் கடந்த வண்டிகள் டெல்லியில் ஓடக் கூடாது என்று உத்தரவிட்டது. பழைய புல்லட் வியாபாரத்தை அதன் மையத்திலேயே தாக்கிய உத்தரவு அது. 2016இல் மலைப்பயணத்துக்கென்றே ஹிமாலயன் என்ற மாடலை ராயல் என்ஃபீல்டு வெளியிட்டது. பின்னர் அது பெட்ரோல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியதால் உயரத்துக்கேற்ப ஜெட் மாற்றும் வேலை இல்லாமல் போனது. ஆனால் கணினி ஏறிய வண்டியின் கோளாறைச் சுத்தியலும் ஸ்பேனரும் மட்டும் வைத்திருக்கும் சாலையோர மெக்கானிக்கால் எப்போதும் தீர்க்க முடிவதில்லை. அதனால் இன்று பழைய ஹிமாலயன் வாங்குபவர், பயண வழியில் எந்தெந்த ஊர்களில் சர்வீஸ் மையம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.