ஒரு வினையின் வாய்பாட்டில் ஒரு மொழியின் வரலாறு: இத்தாலியத்தின் 'அமாரே'

இத்தாலிய மொழியைக் கற்கப் புகும் மாணவர் எவரும் முதலில் எதிர்கொள்ளும் மலை வினைத்திரிபு வாய்பாடு. 'அமாரே' என்னும் வினை அவ்வாய்பாட்டுக்குப் பெரிதும் எடுத்துக்காட்டாக வழங்கி வருகிறது. 'அன்புகூர்தல்' என்பது அதன் பொருள். ஒழுங்கு வினை என்று இலக்கணிகள் இதனை வகுப்பர். பகுதி மாறாது நிற்க, ஈறுகள் மட்டும் வரிசையாக மாறிவருவதால் அப்பெயர் பெற்றது. ஆயினும் ஒழுங்கு என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடக் கூடாது. கோடிட்ட கட்டங்களுக்குள் அடங்கிக் கிடக்கும் இவ்வடிவங்கள் ஒரே நாளில் வகுக்கப்பட்டவை அல்ல. ஒரே ஊரில் பிறந்தவையும் அல்ல. சில இலத்தீனிலிருந்து வழிவழியாக வந்தவை; சில பேச்சு வழக்கில் முளைத்தவை; ஒன்று, பல நூற்றாண்டுகள் பிழையென்று ஒதுக்கப்பட்டுப் பின்னர் அரியணை ஏறியது. அந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

1. வாய்பாட்டின் அமைப்பு

இத்தாலிய வினைகள் வினைப்பெயர் வடிவின் ஈற்றைக் கொண்டு மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்படும். 'ஆரே', 'ஏரே', 'ஈரே' என்பன அவ்வீறுகள். 'அமாரே' முதல் வகுப்பைச் சேர்ந்தது. காலத்தோடு 'பாங்கு' என்னும் ஒரு கூறும் வினையின் வடிவை முடிவு செய்கிறது. நிகழ்வதை உள்ளபடி உரைப்பது உரைப்பாங்கு, விழைவு, ஐயம், கருத்து ஆகியவற்றைச் சார்ந்து வருவது சார்புப்பாங்கு, 'இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்' என்னும் பொருளில் வருவது நிபந்தனைப்பாங்கு, கட்டளையிடுவது ஏவற்பாங்கு. உரைப்பாங்கில் எட்டுக் காலங்கள், சார்புப்பாங்கில் நான்கு, நிபந்தனைப்பாங்கில் இரண்டு. ஒவ்வொன்றிலும் தன்மை, முன்னிலை, படர்க்கை என மூவிடமும், ஒருமை பன்மை என இரு எண்ணும் உண்டு. ஏவலை நீக்கி எண்ணினாலும் 84 வடிவங்கள் ஆகின்றன.

நிகழ்கால வரிசை இது: அமோ, அமி, அமா, அமியாமோ, அமாத்தே, அமானோ. தமிழில் 'வந்தேன்' என்னும்போது 'நான்' என்பது எவ்வாறு தோன்றாமல் நிற்கிறதோ, அவ்வாறே 'அமோ' என்ற ஒரு சொல்லே 'நான் அன்புகூர்கிறேன்' என்று பொருள் தரும். எழுவாயைச் சுமப்பது ஈறே. இச்செய்தியை நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் வரும் வழக்கு முழுவதும் இதனையே சுற்றி நிகழ்கிறது.

2. வழிவந்ததும் கடன் வாங்கியதும்

மேற்கண்ட நிகழ்கால வரிசையிலேயே ஒரு புதுமை மறைந்துள்ளது. 'நாங்கள் அன்புகூர்கிறோம்' என்பதற்கு இலத்தீனில் 'அமாமுஸ்' என்பது வடிவம். அதன் நேர்வழி 'அமாமோ' ஆகும். உரோமை நகரப் பேச்சில் 'ஆமோ' என்னும் அவ்வீறு இன்றும் ஒலிக்கிறது. ஆனால் புளோரன்ஸ் நகரத்தார் 13ஆம் நூற்றாண்டில் சார்புப்பாங்குக்கு உரிய 'இயாமோ' என்னும் ஈற்றை எடுத்து, மூன்று வகுப்பு வினைகளுக்கும் பொதுவாக்கினர். தாந்தே, பெத்ரார்க்கா, பொக்காச்சோ ஆகிய மூவரின் இலக்கியப் புகழால் புளோரன்ஸ் மொழி இத்தாலி முழுமைக்கும் முன்மாதிரி ஆயிற்று. ஒரு நகரத்தின் பேச்சுப் பழக்கம் இவ்வாறே ஒரு நாட்டின் இலக்கணமாயிற்று.

3. இழந்த எதிர்காலமும் பிறந்த எதிர்காலமும்

இலத்தீனில் 'அமாபித்' என்றால் 'அன்புகூர்வான்'. 'அமாவித்' என்றால் 'அன்புகூர்ந்தான்'. பிற்காலப் பேச்சில் உயிர்களுக்கு இடைப்பட்ட பகரம் வகரமாக நெகிழ்ந்தபோது, எதிர்காலமும் இறந்தகாலமும் செவிக்கு ஒன்றாயின. பழைய எதிர்காலம் வழக்கிழந்தமைக்கு இது ஒரு காரணம் என்பர் மொழியறிஞர்.

அவ்விடத்தை நிரப்ப மக்கள் ஒரு துணைவினையை நாடினர். 'ஹாபேரே' என்பது 'உடைமை' குறிக்கும் வினை. 'அமாரே ஹாபேயோ' என்றால் 'அன்புகூர வேண்டியதாய் இருக்கிறது' என்பது போன்ற பொருள். இரு சொல்லும் ஒட்டித் தேய்ந்து 'அமெரோ' என ஒரு சொல்லாயின. இன்றைய எதிர்கால ஈறுகளை 'உடைமை' வினையின் நிகழ்கால வடிவங்களோடு ஒப்பிட்டால் உறவு வெளிப்படும்: ஓ, ஆய், ஆ என்பன அவ்வினையின் ஒருமை வடிவங்கள், அமெரோ, அமெராய், அமெரா என்பன எதிர்கால ஒருமை வடிவங்கள்.

நிபந்தனைப்பாங்கும் இவ்வழியே பிறந்தது. அதே துணைவினையின் இறந்தகால வடிவம் ஒட்டியதால் 'அமெரேய்' (அன்புகூர்வேன், ஆனால்...) என்னும் வடிவம் உண்டாயிற்று. இலத்தீன் இலக்கணத்தில் இப்படியொரு பாங்கு இல்லை. மேலும், துணைவினை முன்னே நின்று எச்ச வடிவம் பின்னே வர, 'ஓ அமாத்தோ' என்னும் கூட்டு இறந்தகாலமும் அமைந்தது.

தமிழ் மாணவருக்கு இது விளங்காப் புதிர் அன்று. 'செய்ய இருக்கிறேன்' என்பது வருங்காலம். 'செய்திருக்கிறேன்' என்பது முடிந்த செயல். 'இரு' என்னும் ஒரே துணைவினை இரு திசையிலும் பணிபுரிகிறது. தமிழில் 'இரு' ஆற்றும் தொண்டை இத்தாலியத்தில் 'உடைமை' வினை ஆற்றுகிறது. வேறுபாடு ஒன்றே: எதிர்காலத்தில் அது தன் உருவிழந்து ஈறாகவே கரைந்துவிட்டது.

இவ்வாறு பிறந்த கூட்டு இறந்தகாலமும், இலத்தீன் வழிவந்த 'அமாய்' என்னும் தனி இறந்தகாலமும் இன்று வாய்பாட்டில் அருகருகே நிற்கின்றன. எனினும் வட இத்தாலியர் பேச்சில் முன்னதே பெருவழக்கு. சிசிலி முதலிய தென்பகுதிகளில் பின்னது உயிரோடு உலவுகிறது. தொஸ்கானா மக்கள் இரண்டையும் பொருள் வேறுபாட்டோடு வழங்குகின்றனர்.

4. ஓர் ஈற்றின் வழக்கு

'நான் அன்புகூர்ந்துகொண்டிருந்தேன்' என்பதற்கு இலத்தீன் 'அமாபாம்'. 'அவன் அன்புகூர்ந்துகொண்டிருந்தான்' என்பதற்கு 'அமாபாத்'. ஈற்று மெய்கள் உதிர்ந்தபின் இரண்டும் 'அமாவா' என்றே ஆயின. எழுவாயைச் சுமக்க வேண்டிய ஈறு தன் கடமையைச் செய்ய இயலாமல் போயிற்று. 'நானா, அவனா' என்னும் மயக்கம் நேர்ந்தது. நிகழ்காலத் தன்மையான 'அமோ'வைப் பின்பற்றி, புளோரன்ஸ் மக்கள் தன்மைக்கு 'அமாவோ' என்று சொல்லத் தலைப்பட்டனர். மயக்கம் நீங்கியது.

ஏறத்தாழ 1440ஆம் ஆண்டளவில் லியோன் பத்திஸ்தா அல்பெர்த்தி தொஸ்கானா மொழிக்கு ஒரு சிற்றிலக்கணம் எழுதினார். இத்தாலியத்தின் முதல் இலக்கணம் அதுவே. கட்டடக் கலைஞரான அவர் மக்கள் வாய்மொழியைச் செவிமடுத்து, தன்மைக்கு ஓகார ஈற்றையே பதிவு செய்தார். இலத்தீனில் இல்லாத நிபந்தனைப்பாங்கு தம் மொழியில் இருப்பதையும் கண்டு, அதற்குத் தாமே ஒரு பெயரிட்டார். ஆனால் அந்நூல் அச்சேறவில்லை. 1508இல் எடுக்கப்பட்ட ஒரு படி வத்திக்கான் நூலகத்தில் கிடந்து, 1908இல்தான் அச்சு வடிவம் கண்டது.

இதற்கிடையே 1525இல் வெனிசு நகரத்தவரான பியெத்ரோ பெம்போ, நாட்டுமொழி பற்றிய தம் உரையாடல் நூலை வெளியிட்டார். செய்யுளுக்குப் பெத்ரார்க்கா, உரைநடைக்குப் பொக்காச்சோ என 14ஆம் நூற்றாண்டுச் சான்றோர் வழக்கையே அவர் அளவுகோலாக நிறுவினார். தம் காலத்துப் புளோரன்ஸ் பேச்சு அவருக்குச் சான்றாகவில்லை. எனவே 'அமாவா' செம்மை வடிவம் ஆயிற்று; 'அமாவோ' வழு ஆயிற்று. அச்சேறிய இலக்கணம் வென்றது. அச்சேறாத இலக்கணம் உறங்கியது. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தெருவில் ஒரு வடிவமும் ஏட்டில் ஒரு வடிவமும் வாழ்ந்தன.

திருப்பத்தை உண்டாக்கியவர் மிலான் நகரத்து நாவலாசிரியர் அலெஸ்ஸாந்த்ரோ மன்சோனி. 'மணம் பேசப்பட்டோர்' என்னும் பொருள்படும் தம் நாவலை அவர் 1827இல் வெளியிட்டபோது தன்மைக்கு ஆகார ஈற்றையே கையாண்டார். பின்னர்ப் புளோரன்ஸ் சென்று கற்றோரின் வாழும் பேச்சைக் கேட்டுத் தம் நூல் முழுவதையும் திருத்தினார். 1840 முதல் 1842 வரை வெளிவந்த பதிப்பில் ஓகார ஈறு இடம்பெற்றது. பள்ளிகளில் அந்நாவல் பாடமாகவே, அதன் வடிவங்களும் படிப்படியாகப் பரவின. இன்று ஒரு மாணவர் தன்மைக்கு 'அமாவா' என்றெழுதினால் ஆசிரியர் அதனைப் பிழை என்றே திருத்துவார். அன்றைய வழு இன்றைய இலக்கணம். அன்றைய இலக்கணம் இன்றைய வழு.

5. வாய்பாடும் வகுப்பறையும்

1861இல் இத்தாலி ஒரே அரசானபோது இத்தாலியம் அறிந்தோர் மக்கள்தொகையில் 2.5 விழுக்காட்டினரே எனத் துல்லியோ தெ மவுரோ கணித்தார். ஏறத்தாழ 10 விழுக்காடு என்பது மற்றோர் அறிஞரின் கணிப்பு. எவ்வாறாயினும், பெரும்பான்மையோர்க்கு அவ்வாய்பாடு தாய்மடியில் கேட்டதன்று, பள்ளியில் கற்றது. நூறாண்டு கழிந்தும் எழுத்தறியாதோர் பலர் இருந்தமையால், 1960 முதல் 1968 வரை அல்பெர்த்தோ மன்சி என்னும் பள்ளி ஆசிரியர் தொலைக்காட்சி வாயிலாகப் பெரியவர்களுக்கு எழுத்தும் மொழியும் கற்பித்தார். வாய்பாடு ஒரு நாட்டு மக்களின் பொது உடைமை ஆனதில் இத்தகைய ஆசிரியர்களின் பங்கு பெரிது.

ஏட்டு மொழிக்கும் வாய்மொழிக்கும் இடைப்பட்ட இத்தொலைவு நமக்கும் அந்நியமன்று. 1680இல் இத்தாலியின் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்த பெஸ்கி, நாம் வீரமாமுனிவர் என்று போற்றுபவர், செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் இலத்தீனில் தனித்தனியே இலக்கணம் வரைந்தார். ஒன்றை உயர்த்தி மற்றொன்றை மறைக்காமல், இரண்டும் விதியுடையன என்று காட்டியது அவர் பணியின் சிறப்பு.

ஆசிரியர் இன்றைய செம்மை வடிவத்தைக் கற்பித்தே ஆக வேண்டும். பொது அளவுகோல் இன்றி ஒரு நாட்டார் ஒருவரோடொருவர் எழுதிப் பேச இயலாது. ஆனால் பிழை என்று சிவப்பு மையிடும் முன், அப்பிழை ஏன் எழுந்தது என்று வினவுதல் நன்று. 'அமாவோ' என்று முதலில் சொன்னவர்கள் சோம்பலால் சொல்லவில்லை. 'நான்' வேறு, 'அவன்' வேறு என்று தெளிவுறுத்தவே சொன்னார்கள். மாணவர் ஒருவர் செய்யும் திரிபிலும் அத்தகைய ஒரு காரணம் ஒளிந்திருக்கலாம். அதனைக் கண்டறிந்து விளக்கும் ஆசிரியரிடம் மாணவர் விதியையும் கற்பார். விதி பிறந்த வழியையும் கற்பார்.