அட்டையில் ஒரு பேர், உள்ளே ஒரு கை

நாம படிக்கிற புத்தகங்களைப் பத்திப் பேசினாலே ரெண்டு கேலி வரும். ஒண்ணு, "கிரைம் நாவல் எல்லாம் ஒரு படிப்பா?" இன்னொண்ணு, "ஃபுட்பால் பிளேயர் சுயசரிதையா? அதை அவரா எழுதினார்?" இன்னிக்கு அந்த ரெண்டாவது கேள்வியை ரெண்டு வகைப் புத்தகத்துகிட்டயும் கேட்டுப் பார்ப்போம். அட்டையில இருக்கிற பேர் யாரோடது, எழுதின கை யாரோடது?

முதல்ல நம்ம ஊர்க் கதை. இருபதாம் நூற்றாண்டோட ஆரம்பத்துல ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் மாதிரி எழுத்தாளர்கள் இங்கிலீஷ் மர்மக் கதைகளை எடுத்து, ஆள் பேர், ஊர் பேர் எல்லாம் மாத்தி, தமிழ்க் கதையாவே ஆக்கிட்டாங்க. இது சொந்தமா, தழுவலான்னு விமர்சகர்கள் கேட்டாங்க. வாங்கிப் படிச்சவங்க அதைப் பத்தி அலட்டிக்கல. வடுவூராரோட 'திகம்பர சாமியார்' 1950-ல மாடர்ன் தியேட்டர்ஸ் படமாவும் வந்துச்சு. நாம வில்லனா மட்டுமே பார்த்துப் பழகின எம்.என்.நம்பியார்தான் அதுல ஹீரோ.

அடுத்த தலைமுறையில இன்னும் வேடிக்கை. சுஜாதாங்கிறது மனைவியோட பேர். எழுதினவர் எஸ்.ரங்கராஜன், குரோம்பேட்டை எம்ஐடி-ல படிச்ச இன்ஜினியர். பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்துக்காக உழைச்சவர். ராஜேஷ்குமார்னு 1,500-க்கு மேல நாவல் எழுதினவர் கோயம்புத்தூர் கே.ஆர்.ராஜகோபால். சுபா ஒரு ஆளே இல்ல. சுரேஷ், பாலகிருஷ்ணன்னு ரெண்டு நண்பர்கள்.

ஆக, தமிழ் கிரைம் நாவல்ல பேர் இரவல், கை சொந்தம். ஆவடியில ரயில் ஏறி சென்ட்ரல்ல இறங்கறதுக்குள்ள பாதியாவது முடிச்சிடலாம்னு நம்பி வாங்கற புத்தகம் அது. அந்த நம்பிக்கையை மாசா மாசம் காப்பாத்தறது சாதாரண வேலை இல்ல. 2008-ல சென்னை பதிப்பகமான பிளாஃப்ட், ப்ரீதம் கே.சக்கரவர்த்தி மொழிபெயர்ப்புல, இந்த மாதிரி கதைகளை இங்கிலீஷ்ல தொகுப்பாப் போட்டாங்க. பெட்டிக்கடைக் கயித்துல தொங்கின கதைகள் அப்புறம் பெரிய புத்தகக் கடை அலமாரிக்குப் போச்சு. கதை மாறல. மொழியும் அட்டையும்தான் மாறுச்சு.

கால்பந்து சுயசரிதைக்கு வந்தா, கணக்கு அப்படியே தலைகீழ். பேர் சொந்தம், கை இரவல். 2011-ல வந்த ஸ்லாட்டான் இப்ராஹிமோவிச் புத்தகத்தை எடுத்துக்கோங்க. ஸ்வீடன்ல, மால்மோ நகரத்தோட ரோசன்கோர்டுங்கிற புலம்பெயர்ந்தோர் பகுதியில வளர்ந்த பையனோட கதை. எழுதினவர் டேவிட் லாகர்கிரான்ட்ஸ். 'கிட்' பயன்படுத்தறவங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு கமிட்லயும் ஆத்தர், கமிட்டர்னு ரெண்டு பேரைத் தனித்தனியாப் பதிவு பண்ணலாம். புத்தக அட்டையில பெரிசாத் தெரியறது ஒருத்தர் பேர்தான். ஸ்லாட்டான் சொன்னதை அப்படியே மேற்கோளா எழுதல, அவரோட குரலைப் பிடிக்கத்தான் முயற்சி பண்ணினேன்னு லாகர்கிரான்ட்ஸே பின்னாடி வெளிப்படையா ஒத்துக்கிட்டார்.

இப்போ ட்விஸ்ட். 2004-ல ஸ்டீக் லார்சன் இறந்த பிறகுதான் அவரோட 'மில்லேனியம்' திரில்லர் வரிசையே வெளிவந்து உலகம் முழுக்க வித்துச்சு. அதோட நாலாவது நாவலை 2015-ல எழுதினது யார் தெரியுமா? அதே லாகர்கிரான்ட்ஸ்! லார்சனோட வாழ்க்கைத் துணை ஏவா காப்ரியெல்சன் அதைக் கடுமையா எதிர்த்தார். உயிரோட இருக்கிறவரோட 'நான்', இறந்து போனவரோட கதாநாயகி, ரெண்டையும் ஒரே கை எழுதியிருக்கு.

என்னைக் கேட்டா, ரெண்டுல ஸ்லாட்டான் புத்தகம்தான் உசத்தி. காலியா இருக்கிற வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி ஒரு விவரத்தை மேஜையில உக்காந்து யோசிச்சுப் பிடிக்க முடியாது, ஒருத்தர் சொல்லணும். நாலாவது மில்லேனியத்துல புதிர் இருக்கு, பழைய கோபம் இல்ல. "இது நான் இல்லையே"ன்னு சொல்ல எதிர்ல யாரும் உக்காந்திருக்கல. இரவல் கை ஒரு குறையே இல்ல. அந்தக் கைக்கு முன்னாடி ஒரு நிஜ ஆள் இருக்காரான்னுதான் பார்க்கணும்.

இது ஏன் நமக்கு முக்கியம்? 1960 ரோம் ஒலிம்பிக்ஸ். இந்தியா ஹங்கேரிகிட்ட 1-2-னு தோத்துச்சு, பிரான்ஸோட 1-1-னு டிரா பண்ணுச்சு, பெருகிட்ட 1-3-னு தோத்துச்சு. அதுக்கப்புறம் இந்திய ஆண்கள் கால்பந்து அணி ஒலிம்பிக்ஸ் பக்கமே போகல. அப்போ பெருவுக்கு எதிரா அடிச்சதுதான் இன்னிக்கு வரைக்கும் நம்ம கடைசி ஒலிம்பிக் கோல். அதை அடிச்சது துளசிதாஸ் பலராம்னு சில பதிவுகள் சொல்லுது. தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தர்ராஜ்னு வேற சில பதிவுகள் சொல்லுது. ஒரு நாட்டோட கடைசி கோலுக்கே இதுதான் நிலைமை.

ஆயிரக்கணக்குல மர்ம நாவல் எழுதின மொழி நம்மளோடது. பக்கத்தைப் புரட்ட வைக்கத் தெரிஞ்ச கைக்கு இங்க பஞ்சமே இல்ல. ரயில்வே, போலீஸ், பேங்க் டீம்ல ஆடி ரிட்டையர் ஆனவங்க இன்னிக்கும் சாயங்காலம் கிரவுண்ட் ஓரமா நின்னு பசங்க ஆடறதைப் பார்த்துட்டு இருக்காங்க. அவங்ககிட்ட கதை இருக்கு, உங்ககிட்ட ஃபோன்ல ரெக்கார்டர் இருக்கு. உக்காந்து கேளுங்க, எழுதுங்க. எழுதினதை அவங்களுக்கே படிச்சுக் காட்டுங்க. "இது நான் இல்லையே"ன்னு அவங்க சொன்னா, மறுபடியும் எழுதுங்க. அட்டையில அவங்க பேரையே போடுங்க.