எரிந்ததால் எஞ்சிய ஊர்

பொதுவா தொல்லியல் நமக்குக் காட்டுவது குப்பையைத்தான். உடைந்த சட்டி, தேய்ந்த கல், தின்று போட்ட எலும்பு. வீட்டைக் காலி செய்பவர்கள் நல்ல பொருளைக் கையோடு கொண்டுபோய்விடுவார்கள். மிச்சத்தை வைத்துத்தான் ஆய்வாளர்கள் அந்த வாழ்க்கையை ஊகிக்க வேண்டும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷையரில் உள்ள மஸ்ட் ஃபார்ம் இதற்கு விதிவிலக்கு.

இன்று அது செங்கல்லுக்குக் களிமண் தோண்டும் பள்ளம். கி.மு. 850 வாக்கில் அங்கே மெதுவாக ஓடிய ஓர் ஆறு இருந்தது. அதன் மேல் மரக்கால்கள் ஊன்றி, நம்ம கம்பத்து வீடுகள் போல உயர்த்தி, வட்ட வீடுகள் கட்டியிருந்தார்கள். கட்டி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது, தீப்பிடித்தது. எப்படித் தெரியும்? பச்சை மரம் காயும்போது சுருங்கி வெடிக்கும் என்பது கட்டுமானத்தில் இருக்கிற எங்களுக்குப் பழகிய தலைவலி. இந்த மரங்களில் அந்த வெடிப்பு இல்லை, பூச்சி அரித்த தடமும் இல்லை. காய்வதற்குள் எரிந்துவிட்டன.

எரிந்த வீடுகள் பொருள்களோடு அப்படியே ஆற்றுக்குள் விழுந்தன. கரியானதை எல்லாம் காற்றுப்புகாத சேறு மூடிக்கொண்டது. 2015-16இல் கேம்பிரிட்ஜ் தொல்லியல் குழு தோண்டியபோது ஏறக்குறைய 200 மரப்பொருள்கள், 150க்கும் மேற்பட்ட நார், துணித் துண்டுகள், 128 மண்பாண்டங்கள், 90க்கும் மேற்பட்ட உலோகப் பொருள்கள் கிடைத்தன. கோடரி, அரிவாள் மட்டுமல்ல, முடி மழிக்கும் கத்திகூட உண்டு. ஈரான் வரையிலான தூரத்திலிருந்து வந்த கண்ணாடி மணிகள் இருந்தன. ஒரு சட்டியில் கொழுப்பு கலந்த கோதுமைக் கஞ்சி, மர அகப்பையோடு. யாரோ சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடியிருக்கிறார்கள்.

தீயில் யாரும் செத்ததாகத் தெரியவில்லை. ஆனால் பொருளைத் தேடி யாரும் திரும்பி வரவுமில்லை. ‘மிக நன்றாகப் பாதுகாக்கப்பட்ட குடியிருப்பு’ என்று நாம் கொண்டாடுவது, சில குடும்பங்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் இழந்த கதை.

என்னை யோசிக்க வைப்பது வேறொன்று. அதே காலத்து மற்ற ஊர்களில் பெரும்பாலும் நாலு தூண்குழியும் கொஞ்சம் ஓடும்தான் கிடைக்கும். அதைப் பார்த்து ‘எளிய வாழ்க்கை’ என்று சுலபமாக எழுதிவிடலாம். மஸ்ட் ஃபார்ம் எரியாமல் இருந்திருந்தால் அதையும் அப்படித்தான் எழுதியிருப்போம். அங்கே இருந்தவர்கள் அரசர்கள் அல்ல, சாதாரணக் குடும்பங்கள். அப்படியானால் தூண்குழி மட்டும் மிஞ்சிய வீடுகளிலும் நல்ல துணியும் தூரதேசத்து மணியும் இருந்திருக்கலாம். அவர்கள் ஏழைகளாக இருந்திருக்க வேண்டியதில்லை. நிதானமாகச் சாமான் கட்டிக்கொண்டு கிளம்பியவர்களாகவும் இருக்கலாம்.