ஹந்தானை மலையில் ஒரு சூரியக் கலம்

வலப்பனையிலிருந்து ஹங்குராங்கெத்த வழியாகக் கண்டிக்கு வருபவர்களுக்கு ஹந்தானை இன்னொரு தேயிலை மலை, அவ்வளவுதான். பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று நூதனசாலையாகியிருப்பதைப் பார்க்க உல்லாசப் பயணிகள் அங்கே ஏறிப் போகிறார்கள். அதே மலையில் உள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தை விசாரிப்பவர்கள் குறைவு. மலையகத்தின் கதையை எழுதும் பத்திரிகைக்காரர்களாகிய நாமும் கோப்பி, தேயிலை, துரைமார், தொழிற்சங்கம் என்று எழுதிவிட்டு அதன் வாசலைக் கடந்து போயிருக்கிறோம்.

அங்கே பணியாற்றிய பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோன் சூரிய ஒளியோடு தொடங்கியவர் அல்லர். நியூட்ரினோ என்ற நுண்துகளுக்குத் திணிவு இருக்கக்கூடும் என்று 1972இல் சந்தீப் பக்வாசாவுடன் சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதிய கோட்பாட்டுப் பௌதிகவியலாளர் அவர். அந்தத் திணிவு பரிசோதனையில் உறுதிப்படக் கால் நூற்றாண்டு சென்றது. தாயகம் திரும்பிய பின்னர் அவருடைய கவனம் ஒளியை மின்னாக்கும் பொருட்களின் மீது திரும்பியது.

1991இல் சுவிற்சர்லாந்தில் பிறையன் ஓரீகனும் மைக்கேல் கிரட்செலும் சாயமூட்டிய சூரியக் கலமொன்றை அறிவித்தார்கள். வெள்ளைப் பூச்சு மைகளில் கலக்கப்படும் தைத்தேனியம் ஈரொட்சைட்டின் நுண்துளைப் படலத்தில் சாயம் ஏற்றப்படுகிறது. சாயம் ஒளியை உறிஞ்சி, இலத்திரனை அந்தப் படலத்துக்குக் கொடுக்கிறது. இழந்த இலத்திரனைச் சாயத்துக்குத் திருப்பிக் கொடுப்பது அயடீன் கலந்த ஒரு திரவம். விலை மலிவான ஏற்பாடுதான். ஆனால் திரவம் கசியும், ஆவியாகும். வெயிலில் ஆண்டுக்கணக்காகக் கிடக்க வேண்டிய கருவிக்கு அது பெரிய குறை.

அந்தத் திரவம் வேண்டாம் என்பதே ஹந்தானையின் பதில். 1995இல் தென்னக்கோனும் குமார, விஜயந்த முதலான அவருடைய இளம் சகாக்களும் திரவத்துக்குப் பதிலாகச் செப்பு அயடைட்டு என்ற திண்மத்தைத் துளைகளுக்குள் நிரப்பினார்கள். சாயமாக அவர்கள் எடுத்தது சயனிடின் என்ற பூ நிறப்பொருள். நம் வாசற் செவ்வரத்தையின் சிவப்பும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அடுத்த ஆண்டு தனின் எனப்படும் துவர்ப்புப் பொருட்களையும் இதே வகைப் படலத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். தேயிலைக்குத் துவர்ப்பைத் தரும் பொருட்களின் உறவினம் அது. தேயிலை மலையில் இருந்தவர்களுக்கு அது தற்செயலாகத் தோன்றிய எண்ணமாக எனக்குப் படவில்லை!

குறைகளும் இருந்தன. செப்பு அயடைட்டின் பளிங்குகள் பெரிதாக வளர்ந்து துளைகளுக்குள் ஒழுங்காக இறங்க மறுத்தன. கலத்தின் திறன் விரைவில் தேய்ந்தது. வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் உப்பொன்றைச் சேர்த்து இதைச் சரிசெய்யும் வழியை யப்பானின் சிசுவோக்காவில் குமாரவும் சகாக்களும் தென்னக்கோனோடு சேர்ந்து 2002இல் வெளியிட்டார்கள். இதற்கிடையில், 1998இல் கிரட்செலின் குழு சேதனப் பொருளொன்றால் ஆன திண்மக் கலத்தை 'நேச்சர்' இதழில் அறிவித்திருந்தது. திண்மக் கலம் என்றதும் உலகம் பெரும்பாலும் நினைவுகூர்வது இந்தக் கட்டுரையைத்தான். ஹந்தானை மூன்று ஆண்டுகள் முந்தியது என்பது அடிக்குறிப்போடு நின்றுவிடுகிறது.

திரவத்தை அகற்றும் அதே தேடலில் வேறொரு வழியால் வந்தவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியற் பேராசிரியர் புண்ணியமூர்த்தி இரவிராஜன். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜெனி நெல்சன் முதலானோருடன் ஆய்வு செய்தபோது, ஒளியை உறிஞ்சவும் மின்னேற்றத்தைக் கடத்தவும் வல்ல பல்பகுதியத்தைத் தைத்தேனியம் ஈரொட்சைட்டோடு அவர் இணைத்தார். 2006இல் வெளியான கட்டுரையில் நாக ஒட்சைட்டின் நிமிர்ந்த நுண்கோல்களுக்கிடையே பல்பகுதியம் நிரப்பப்பட்டது. அதன் ஆசிரியர் வரிசையில் முதற்பெயர் இரவிராஜன்; கிரட்செலின் பெயரும் அங்கே உண்டு.

இந்தத் தேடல் எதற்கு உதவியது? 2009இல் யப்பானில் மியாசாக்காவின் குழு பெரொவ்ஸ்கைட்டு என்ற புதிய பொருளால் 3.8 சதவீதத் திறன் கொண்ட கலத்தைச் செய்தது. திரவம் அந்தப் பொருளையே கரைத்துவிட்டதால் கலம் நிலைக்கவில்லை. 2012இல் திரவத்தின் இடத்தில் திண்மச் சேதனப் பொருள் வந்ததும் திறன் 10 சதவீதத்தை ஒட்டியது. அதன் பிறகே உலகம் முழுவதும் ஆய்வுகூடங்கள் அதன் பின்னால் ஓடத் தொடங்கின. அந்தச் சேதனப் பொருளோ மிக விலையுயர்ந்தது. மலிவான மாற்றைத் தேடிய பிரஷாந்த் காமத்தின் அமெரிக்க ஆய்வுக்குழு, 2014இல் 6 சதவீதத் திறனுள்ள பெரொவ்ஸ்கைட்டுக் கலமொன்றை வெளியிட்டது. அதில் அவர்கள் பயன்படுத்தியது செப்பு அயடைட்டு.